கடைக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டர், இரண்டு லாகின்: 777 போடாமல் மவுஸிலேயே சரிசெய்வது எப்படி?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மிண்ட் சின்னமன் போட்டு, எனக்கும் தங்கைக்கும் தனித்தனி லாகின் வைத்திருக்கிறோம். என் டாக்குமெண்ட்ஸில் இருக்கும் ‘கடை வேலை’ ஃபோல்டர் தங்கை லாகினில் திறப்பதில்லை. ரைட் கிளிக் செய்து எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தும் பயனில்லை. சில ஃபைல்களில் பூட்டுப் படம் வேறு. சில பெண்டிரைவிலும், அதே கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸ் டிரைவிலும் எதையும் சேமிக்க முடியவில்லை. நண்பர் ஒருவர் மொத்தத்துக்கும் 777 போடச் சொல்கிறார். எனக்கு டெர்மினல் வராது. மவுஸிலேயே முடியுமா?

பதில்:

முடியும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பக்கமே போக வேண்டாம். ஆனால் நீங்கள் ஒரே தொல்லையாக எழுதியிருப்பது உண்மையில் மூன்று தனித் தொல்லைகள். தங்கைக்கு ஃபோல்டர் திறக்காதது ஒன்று, பூட்டுப் படம் இன்னொன்று, பெண்டிரைவும் விண்டோஸ் டிரைவும் மூன்றாவது. கடைசியாகச் சொன்னதற்கும் அனுமதிக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும். அதைப் போடச் சொன்னவர் மூன்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிறார்.

முதலில் தங்கை விஷயம். நீங்கள் ‘கடை வேலை’க்கு அனுமதி கொடுத்தது சரிதான். ஆனால் அது உங்கள் டாக்குமெண்ட்ஸுக்குள் இருக்கிறது, டாக்குமெண்ட்ஸ் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறது. தெருக்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறைக் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? ஒரு ஃபைலை எட்ட வேண்டுமானால் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அனுமதி வேண்டும். உபுண்டு 21.04 வந்ததிலிருந்து புதிதாக உருவாக்கும் ஹோம் ஃபோல்டர்களை மற்ற லாகின்கள் பார்க்க முடியாதபடியே வைக்கிறார்கள். மிண்ட்டின் வழக்கமான பதிப்பு உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ் என்று போய் அதர்ஸ் வரிசையைப் பாருங்கள். அங்கே ‘நன்’ என்று இருந்தால் காரணம் அதுதான்.

உடனே அதை மாற்றிவிடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். உங்கள் ஹோமில் பிரவுசரின் சேமித்த பாஸ்வேர்டு, வங்கி பிடிஎஃப், சொந்தப் படம் எல்லாம் இருக்கும். பொது ஃபோல்டரை வெளியே கொண்டுபோவதுதான் முறை.

அதற்கு முன், அந்தப் பெர்மிஷன்ஸ் பக்கத்தை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். மூன்று ஆட்கள் இருப்பார்கள்: ஓனர், குரூப், அதர்ஸ். ஒவ்வொருவருக்கும் ஃபோல்டர் ஆக்சஸ், ஃபைல் ஆக்சஸ் என்று இரண்டு தேர்வுகள். ஃபோல்டர் ஆக்சஸில் ‘லிஸ்ட் ஃபைல்ஸ் ஒன்லி’ என்றால் பெயர்களை மட்டும் பார்க்கலாம், திறக்க முடியாது. ‘ஆக்சஸ் ஃபைல்ஸ்’ என்றால் உள்ளே நுழைந்து திறக்கலாம். ‘கிரியேட் அண்ட் டெலீட் ஃபைல்ஸ்’ என்றால் புதிதாக உருவாக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம்.

பலர் சறுக்கும் இடம் இந்த அழிப்பதில்தான். ஒரு ஃபைலை யார் அழிக்கலாம் என்பதை அந்த ஃபைலின் அனுமதி தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதிதான் தீர்மானிக்கிறது. பாடலீஸ்வரர் கோயில் திருவிழா நோட்டீஸ் ஃபைலை நீங்கள் ‘ரீட் ஒன்லி’ என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். அது கிடக்கும் ஃபோல்டரில் மற்றவருக்குக் ‘கிரியேட் அண்ட் டெலீட்’ இருந்தால், அந்த ஃபைலுக்குள் ஒரு எழுத்தைக்கூட அவரால் மாற்ற முடியாது, ஆனால் ஃபைலையே தூக்கிக் குப்பையில் போட முடியும். எனவே ‘ரீட் ஒன்லி’யைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் ‘யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’ இருக்கும். திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும். குரூப்ஸ் பக்கத்தில் புதிதாக ஒரு குழுவைச் சேருங்கள். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். இங்கே ‘கடை’ என்றே சொல்கிறேன். பிறகு யூசர்ஸ் பக்கத்தில் உங்கள் பெயரையும் தங்கை பெயரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய குழுக்களில் ‘கடை’யை டிக் செய்யுங்கள். ஏற்கெனவே டிக் ஆகியிருப்பதை எடுத்துவிடாதீர்கள். குறிப்பாக உங்கள் பெயருக்கு நேரே உள்ள ‘சூடோ’ டிக்கை எடுத்தால் நிர்வாக உரிமை போய்விடும், அதற்கப்புறம் இந்த ஜன்னலையே திறக்க முடியாது.

இப்போது இருவரும் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். குழுவில் சேர்ந்த விவரம் அடுத்த லாகினில்தான் அமலுக்கு வரும். திரையைப் பூட்டித் திறப்பது போதாது. இதை விட்டுவிட்டு ‘எல்லாம் செய்தும் வேலை செய்யவில்லை’ என்று வருபவர்கள்தான் அதிகம்.

அடுத்து ஃபைல் மேனேஜரில் இடப்பக்கம் ‘ஃபைல் சிஸ்டம்’ என்பதைச் சொடுக்கினால் ‘ஹோம்’ என்ற ஃபோல்டர் தெரியும். அது உங்கள் சொந்த ஹோம் அல்ல, எல்லா லாகின்களின் ஹோம்களும் இருக்கும் மேல் ஃபோல்டர். அதில் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஆஸ் ரூட்’ கொடுங்கள். ரூட் என்பது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கு. மேலே சிவப்புப் பட்டையோடு தனி ஜன்னல் திறக்கும். உள்ளே ‘கடை வேலை’ என்று புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, பிராப்பர்ட்டீஸில் ஓனராக உங்கள் பெயர், குரூப்பாக ‘கடை’, இரண்டுக்கும் ‘கிரியேட் அண்ட் டெலீட் ஃபைல்ஸ்’, அதர்ஸுக்கு ‘நன்’. முடிந்ததும் சிவப்பு ஜன்னலை உடனே மூடிவிடுங்கள். வேறு எந்த வேலையும் அதற்குள் செய்யாதீர்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது பூட்டுப் படத்துக்கு வரும்போது புரியும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. இதை விட்டால் ஒரு வாரம் ஓடும், பிறகு பழைய கதை. தங்கை புதிதாக ஒரு பத்திரிகை டிசைனைச் சேமித்தால், வழக்கமாக அந்த ஃபைலின் ஓனரும் தங்கைதான், குரூப்பும் தங்கையின் பெயரிலுள்ள குழுதான். ‘கடை’ அதில் எங்கும் வராது. ஃபோல்டருக்குள் பிறக்கும் எதுவும் ஃபோல்டரின் குழுவையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் ‘செட் குரூப் ஐடி’ என்ற குறியைப் போட வேண்டும். சாதாரணமாக அது கண்ணில் படாது. ஃபைல் மேனேஜரில் எடிட், பிரிஃபரன்ஸஸ் போய், பிராப்பர்ட்டீஸ் ஜன்னலில் ‘அட்வான்ஸ்டு பெர்மிஷன்ஸ்’ காட்டச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள். இப்போது ‘கடை வேலை’யின் பெர்மிஷன்ஸைத் திறந்தால் ரீட், ரைட், எக்சிக்யூட் என்று தனித்தனிக் கட்டங்களும், கீழே ‘ஸ்பெஷல் ஃபிளாக்ஸ்’ வரிசையும் தெரியும். அதில் செட் குரூப் ஐடியை டிக் செய்தால் போதும். அப்புறம் அட்வான்ஸ்டு காட்சியை அணைத்து எளிய காட்சிக்கே வந்துவிடுங்கள்.

பழைய வேலைகளை இங்கே கொண்டுவரும்போது கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள். ஒரே டிஸ்கில் கட் செய்து ஒட்டினால் ஃபைல் தன் பழைய ஓனரையும் குழுவையும் அப்படியே சுமந்துகொண்டு வரும். காப்பி செய்தால் அது புது ஃபைல், எனவே புது ஃபோல்டரின் குழு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் வந்து சேர்ந்தபின் ‘கடை வேலை’யின் பிராப்பர்ட்டீஸில் குரூப்புக்கு ஃபைல் ஆக்சஸை ‘ரீட் அண்ட் ரைட்’ ஆக்கி, கீழே உள்ள ‘அப்ளை பெர்மிஷன்ஸ் டு என்க்ளோஸ்டு ஃபைல்ஸ்’ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். இரண்டு லாகினிலும் திறந்து, திருத்தி, சேமித்துப் பார்த்தபிறகே பழையதை அழியுங்கள்.

தங்கையின் லாகினில் புதிதாக ஒரு ஃபைலைச் சேமித்து அதன் பெர்மிஷன்ஸையும் பாருங்கள். குரூப்பில் ‘கடை’யும் அதற்கு நேரே ‘ரீட் அண்ட் ரைட்’டும் இருந்தால் முடிந்தது. ‘ரீட் ஒன்லி’ என்று இருந்தால் அந்தப் பொத்தானை அவ்வப்போது அழுத்த வேண்டிவரும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: அனுமதியை மாற்றும் உரிமை ஃபைலின் ஓனருக்கும் ரூட்டுக்கும் மட்டுமே. தங்கை உருவாக்கியதைத் தங்கைதான் மாற்ற முடியும். உங்கள் லாகினிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அது அசையாது.

சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட்டை மிண்ட்டில் ஓட்டுகிறீர்களானால் அதன் செட்டிங்ஸில் ஃபில்டர்ஸ் பக்கம் போய் இந்தப் புது ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது சிஸ்டத்தைப் போன வாரத்துக்குத் திருப்பும்போது கடை வேலையும் சேர்ந்து போன வாரத்துக்குப் போய்விடலாம். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்துக்கானது. வேலைக்கான பேக்கப்பைத் தனி டிஸ்கில் எடுங்கள்.

இனி பூட்டுப் படம். ஃபைல் ஐகானின் ஓரத்தில் சின்னப் பூட்டு தெரிந்தால், உங்களால் அதில் எழுத முடியாது என்று அர்த்தம். பிராப்பர்ட்டீஸில் ஓனர் யார் என்று பாருங்கள். ‘ரூட்’ என்று இருந்தால், யாரோ சிவப்புப் பட்டை ஜன்னலில் இருந்துகொண்டு ஃபைலை உருவாக்கியிருக்கிறார்கள் அல்லது ஒட்டியிருக்கிறார்கள். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் நான் பார்க்கும் கடைக் கம்ப்யூட்டர்களில் பூட்டுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். ஏதோ திறக்கவில்லை என்று ரூட்டாகத் திறப்பார்கள், அதே ஜன்னலில் நாலு வேலையைச் செய்வார்கள், மறுநாள் அந்த நாலும் பூட்டிக்கொள்ளும். அதற்காக மறுபடி ரூட். இது முடியவே முடியாது. அந்த ஃபோல்டரை ரூட்டாகத் திறந்து, ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றி, வெளியே வந்துவிடுங்கள். சிவப்பு ஜன்னல் அதற்கு மட்டும்தான்.

இதன் மோசமான வடிவம் ஒன்று உண்டு. பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தாலும் திரை ஒருமுறை இருண்டு மறுபடி லாகின் பக்கத்துக்கே வரும். உங்கள் ஹோமில் மறைந்திருக்கும், புள்ளியில் தொடங்கும் ‘எக்ஸ்அத்தாரிட்டி’ என்ற ஃபைலுக்கு ரூட் ஓனராகிவிட்டால் இப்படி நடக்கும். கம்ப்யூட்டரில் நிர்வாக உரிமையுள்ள இன்னொரு லாகின் இருந்தால் அதில் நுழைந்து, உங்கள் ஹோமை ரூட்டாகத் திறந்து, கண்ட்ரோல் எச் அழுத்தினால் மறைந்த ஃபைல்கள் தெரியும். அதை அழித்துவிடலாம். அடுத்த லாகினில் புதிதாக உருவாகிவிடும்.

லிப்ரே ஆபீஸில் ‘இந்த டாக்குமெண்ட் வேறொருவர் திருத்துவதால் பூட்டப்பட்டுள்ளது’ என்று வருவது வேறு. அது அனுமதி அல்ல. ஃபைல் திறந்திருக்கும்போது பக்கத்திலேயே மறைவாக ஒரு ‘லாக்’ ஃபைல் உருவாகும், மூடும்போது போய்விடும். கரண்ட் போய் மிஷின் நின்றால் அது தங்கிவிடும். தங்கை உண்மையில் திறந்து வைத்திருக்கவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, கண்ட்ரோல் எச் அழுத்தி, அந்தச் சின்ன ஃபைலை மட்டும் நீக்குங்கள்.

பெண்டிரைவுக்கு வருவோம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பெண்டிரைவ் ஏறக்குறைய எல்லாமே ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அந்த வடிவங்களில் ஓனர், குழு என்ற விவரத்தை எழுதிவைக்க இடமே கிடையாது. பெர்மிஷன்ஸ் பக்கத்தில் என்ன மாற்றினாலும் பழையபடி திரும்பிவிடும். அங்கே போராடாதீர்கள். சேமிக்க முடியவில்லை என்றால், முன்பு சரியாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியதால் உள்ளே பிழை இருக்கலாம். அப்போது பாதுகாப்புக்காக லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் விடும். முதலில் உள்ளதைக் காப்பி எடுத்துவிட்டு ‘டிஸ்க்ஸ்’ என்ற நிரலில் ‘ரிப்பேர் ஃபைல்சிஸ்டம்’ கொடுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் கேமரா மெமரி கார்டு கொண்டுவந்தால் அதன் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டு நெம்புகோலை முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், அரைமணி நேரம் பெர்மிஷன்ஸ் பார்த்துவிட்டுக் கடைசியில் அதைத் தள்ளியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு லாகின் இருக்கும் கடைக்கு மட்டும் வரும் இன்னொரு சிக்கல்: நீங்கள் லாகினில் இருக்கும்போது செருகிய பெண்டிரைவ் உங்கள் பெயரிலேயே திறக்கும். ‘ஸ்விட்ச் யூசர்’ கொடுத்துத் தங்கை வந்தால் அவருக்கு அது திறக்காது. நீங்கள் எஜெக்ட் செய்து, தங்கை மறுபடி செருகினால் திறக்கும்.

விண்டோஸ் டிரைவ் எழுத விடாததற்குக் காரணம் பெரும்பாலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. விண்டோஸ் 8-இலிருந்து ‘ஷட்டௌன்’ கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை, ஒரு பகுதியை டிஸ்கில் உறங்க வைத்துவிட்டுப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் எழுதினால் டிரைவ் கெடும் என்பதால் படிக்க மட்டும் விடுகிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. விண்டோஸுக்குள் போய்க் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்ற இடத்தில் அதை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஷட்டௌனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தாலும் போதும்.

லினக்ஸ் டிஸ்கே மொத்தமாக எழுத மறுத்தால், அதாவது நேற்றுவரை சேமித்த எல்லா இடத்திலும் ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால், பெர்மிஷன்ஸைத் தொடாதீர்கள். டிஸ்கில் பிழை கண்டு சிஸ்டம் தானே எழுதுவதை நிறுத்தியிருக்கிறது. திடீரென்று கரண்ட் போனபிறகு இப்படி வரலாம், டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருந்தாலும் வரலாம். முதலில் பேக்கப், பிறகு ரீஸ்டார்ட். தானே புயலைப் பார்த்த ஊர்க்காரருக்கு யூபிஎஸ் வாங்கச் சொல்லி நான் எழுத வேண்டியதில்லை.

777-க்கு வருகிறேன். அது ஓனர், குரூப், அதர்ஸ் மூவருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பது. உங்கள் கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மட்டுமா இருக்கிறது? ஆதார் ஸ்கேன், பட்டா நகல், சாதிச் சான்றிதழ் என்று அடுத்தவர் வீட்டுக் காகிதமெல்லாம் இருக்கிறது. நாளைக்கு வேலைக்கு வரும் பையனுக்கு மூன்றாவது லாகின் கொடுத்தால் அவனுக்கும் எல்லாம் திறந்திருக்கும். மொத்த சிஸ்டத்துக்கும் 777 போட்டால் இன்னும் கேடு. பாஸ்வேர்டு கேட்டு நிர்வாக உரிமை தரும் ‘சூடோ’வுக்கு அதன் சொந்த ஃபைலில் ஒரு விசேஷக் குறி வேண்டும், 777 அந்தக் குறியை அழித்துவிடும். அதன்பின் பழுது பார்க்கும் கருவியே வேலை செய்யாது. மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் பெரும்பாலும் குறுக்கு வழி. நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் கேட்காதீர்கள்.

ஆதார் ஸ்கேன்களைப் பொது ஃபோல்டரில் வைக்காமல், உங்கள் ஹோமில் தனி ஃபோல்டராக, குரூப்புக்கும் அதர்ஸுக்கும் ‘நன்’ கொடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுவது அதைவிட நல்லது. அனுமதி என்பது ஓடிக்கொண்டிருக்கும் இந்த லினக்ஸ் கடைப்பிடிக்கும் விதி மட்டுமே. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும், இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பெண்டிரைவில் பூட் செய்தாலும் எல்லாவற்றையும் படித்துவிடலாம். அதைத் தடுப்பது என்கிரிப்ஷன். மிண்ட்டை இன்ஸ்டால் செய்யும்போதே அதற்கான தேர்வு வரும்.

எதிர்காலத்தில் பேக்கப் டிஸ்கை லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 வடிவில் ஃபார்மேட் செய்தால் ஒரு வேடிக்கையைப் பார்ப்பீர்கள். ஃபைலில் ஓனரின் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான். மிண்ட், உபுண்டு, டெபியன் எல்லாவற்றிலும் முதலில் உருவாக்கும் லாகினுக்கு 1000, அடுத்ததற்கு 1001. கடை மிஷினில் தங்கை 1001. வீட்டு லேப்டாப்பில் தங்கைதான் முதல் லாகின் என்றால் அங்கே அவர் 1000. டிஸ்கை வீட்டில் செருகினால் உங்கள் ஃபைல்களுக்கெல்லாம் தங்கை ஓனராகத் தெரிவார், அவருடைய சொந்த ஃபைல்களில் பூட்டு இருக்கும். இரண்டு மிஷினிலும் லாகின்களை ஒரே வரிசையில் உருவாக்கியிருந்தால் இது வராது. இல்லாவிட்டால் அங்கும் இங்கும் தூக்கிப் போகும் டிஸ்கை எக்ஸ்ஃபேட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு டெஸ்க்டாப்புக்கு மாறினாலும் இதே கதைதான், பொத்தானின் பெயர்தான் மாறும். கேடிஈ டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் செட் குரூப் ஐடி, ‘செட் ஜிஐடி’ என்ற பெயரில் ‘அட்வான்ஸ்டு பெர்மிஷன்ஸ்’ பொத்தானுக்குள் இருக்கும். எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான துனாரிலும் பெர்மிஷன்ஸ் பக்கம் உண்டு. தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி ஒன்று வீட்டில் தூசி படிந்து கிடந்தால் தங்கைக்குப் பழகிப் பார்க்கக் கொடுங்கள். அது டெபியன் வழி வந்தது. டெபியனில் புது ஃபைல்களில் குழு எழுதும் அனுமதி வழக்கமாக இருக்காது, எனவே மேலே சொன்ன ‘அப்ளை’ பொத்தானை அங்கே அதிகம் அழுத்த வேண்டியிருக்கும்.

‘அலௌ எக்சிக்யூட்டிங் ஃபைல் ஆஸ் புரோகிராம்’ என்ற பெட்டியைக் கேள்வியில் நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் பெர்மிஷன்ஸ் பக்கத்தில் கண்ணில் படும். நீங்களே நம்பகமான இடத்திலிருந்து இறக்கிய ஆப்இமேஜ் போன்ற நிரல்களுக்கு மட்டும் அதை டிக் செய்யுங்கள். பிரிண்ட் எடுக்கக் கொடுத்த ஃபைல் அதைக் கேட்டால் பிரிண்ட் எடுக்காதீர்கள், பிடிஎஃப்பாக மாற்றி எடுத்துவரச் சொல்லுங்கள்.